கொலிமா நாய் கடலைத் தாண்டிய கதை: ஏலக்கூடத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பாரிஸ் ஏலக்கூட நிர்வாகிகளுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் கூடத்தில், ஏலத்துக்கு முன் பொருள்களைப் பார்க்க விடும் நாளில், நாய் வடிவில் செய்த அந்தச் சுடுமண் குடுவையைப் பார்த்தேன். செம்மண் நிறம், தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மெருகு, சரிந்த தொந்தி, வாலிருக்கும் இடத்தில் குடுவையின் வாய். கீழே சீட்டில் இரண்டே வரி: கொலிமா, மேற்கு மெக்சிகோ, தனியார் சேகரிப்பு.

எந்த ஆண்டு, எந்தக் காகிதத்தோடு மெக்சிகோவை விட்டு வந்தது என்று உங்கள் ஊழியரிடம் கேட்டேன். "பழைய சேகரிப்பு" என்று சிரித்தார். எவ்வளவு பழையது? தொல்பொருள்களை வெளியே கொண்டுபோகக் கூடாதென்று மெக்சிகோ 1827லேயே தடை போட்டுவிட்டது. 1972இன் சட்டப்படி அவை நாட்டின் சொத்து. இறந்தவரை நாய்தான் மறுவுலக ஆற்றைக் கடத்திவிடும் என்று பழைய மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்கள் நம்பினார்கள். அட்லாண்டிக்கையும் கடக்கும் என்று அவர்கள் சொன்னதாகத் தெரியவில்லை.

சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன், கிணறுபோல் இறங்கும் கல்லறைகளில் பிணத்தோடு வைத்த நாய்கள் இவை. அந்தக் கல்லறைகளில் பெரும்பாலானவற்றைத் திருடர்கள் காலி செய்துவிட்டார்கள். 1993இல் மேற்கு மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில், உயித்சிலாபா என்ற இடத்தில் கைபடாத ஒன்று கிடைத்தது. ஏழு மீட்டருக்கு மேல் ஆழம், உள்ளே ஆறு பேர். எலும்பிலிருந்த பிறவிக் குறையை வைத்து அவர்கள் உறவினர்கள் என்று கண்டுகொண்டார்கள். உங்கள் நாய் யார் பக்கத்தில் கிடந்தது? இனி யாராலும் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் கோயிலிலிருந்து திருடுபோன சிரீபுரந்தான் நடராசர் சிலை 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பியது. அது கோயிலில் இருந்தபோது புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எடுத்த படம் சாட்சி சொன்னது. மண்ணுக்குள் கிடந்த நாயை யார் படம் எடுத்திருப்பார்கள்? சாட்சி இல்லாத பொருளாகப் பார்த்து விற்பது பாதுகாப்பான வியாபாரம்தான்.

இதில் போலிகள் வேறு. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் வியாபாரி எழேன் போபான் கைவழி, பழைய மெக்சிகோவின் பொருள்கள் என்று போன படிக மண்டை ஓடுகள், அந்தக் காலத்தில் அங்கே இல்லாத சுழல் சக்கரக் கருவியில் கடைந்த போலிகள் என்று பின்னால் தெரிந்தது. "பழைய சேகரிப்பு" அப்போதும் இருந்திருக்கும்.

சரி, கோபத்தை விடுகிறேன். நான் கேட்பது ஒரே வரி: எந்த ஆண்டு, யார் மூலம், எந்த அனுமதியோடு வெளியே வந்தது என்று ஒவ்வொரு பொருளின் சீட்டிலும் அச்சிடுங்கள். அந்த வரி எழுத முடியாத பொருளை, தயவுசெய்து, மேசையிலிருந்து இறக்கிவிடுங்கள். அந்த நாயிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
பார்வை நாளில் கேள்வி கேட்ட ஒருவன்