மால்டா கடற்கரைகள்: காற்றையும் படிகளையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் மத்தியதரைக் கடல் தீவுகளுக்கு விடுமுறைக்குப் போவதைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க வந்திருந்தது. மால்டா படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் எந்தப் படத்துக்குக் கீழேயும் ‘அழகிய கடற்கரை’ என்பதைத் தவிர வேறு விவரம் இல்லை. அப்படி ஒரு படத்தை நம்பிப் போய் நாங்கள் பட்டதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் மகள் மால்டாவில் வேலை பார்க்கிறாள். போன வருடம் மே மாதம், பள்ளிக்கூட விடுமுறையில், நானும் என் கணவரும் மகன் வீட்டுப் பேரனைக் கூட்டிக்கொண்டு அவளிடம் போனோம். பையனுக்கு ஐந்து வயது. பயண ஏற்பாடு செய்து கொடுத்தவர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, “முதலில் இங்கே போங்கள் ஆச்சி, இதற்கு மேல் அங்கே ஒன்றும் கிடையாது” என்றார். ஐன் துஃபீஹா என்று அந்த இடத்துக்குப் பெயர். ஆப்பிள் ஊற்று என்று பொருளாம். செம்மண் நிற மணல், இரண்டு பக்கமும் குன்று, மேலே 1637-ல் கட்டிய காவல் கோபுரம். படத்தில் பொய் இல்லை.

படத்தில் இல்லாதது படிகள். மேலே சாலையிலிருந்து மணலுக்கு இறங்க ஏறத்தாழ 200 படி. என் கணவருக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். பாதியில் உட்கார்ந்துவிட்டார். “நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்” என்று சொன்னவரின் முகத்தைப் பார்க்க எனக்கு மனது கேட்கவில்லை. சரி, பிள்ளைக்காகவாவது இறங்குவோம் என்று போனால், அந்தக் கரை மேற்கே பார்த்தது. அன்றைக்கு வடமேற்குக் காற்று. அலை வந்து அறைந்துகொண்டிருந்தது. பேரன் ஒரு தடவை காலை நனைத்தான். குளிர் தாங்காமல், “அப்பத்தா, ஐஸ் தண்ணி” என்று ஓடி வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டான். மே மாதத்தில் அங்கே கடல் நீர் 20 டிகிரியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் என்று அப்புறம்தான் தெரிந்தது. வெயில் நம் ஊர் மாதிரி முகத்தில் அடிக்கிறது, ஆனால் கடல் மெதுவாகத்தான் சூடேறுகிறது. ஆகஸ்டில் 26, 27 டிகிரி. அந்தச் சூடு செப்டம்பர் கடந்தும் இருக்கிறது. நம் பிள்ளைகளின் ஏப்ரல், மே விடுமுறையை வைத்துத் திட்டம் போடுகிறவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

அன்று சாயங்காலம் மகளின் பக்கத்து வீட்டில் இருக்கும் வயதான அம்மாளிடம், நாளைக்கு எந்தக் கடற்கரைக்குப் போகலாம் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. “நாளைக்குக் காற்று எந்தப் பக்கம்?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

எனக்குச் சட்டென்று தனுஷ்கோடி ஞாபகம் வந்தது. தேவகோட்டையில் பிறந்து வளர்ந்தவள் நான். ராமேசுவரம் போகும்போதெல்லாம் எங்கள் ஐயா தனுஷ்கோடிக்கும் கூட்டிப்போய், இடது பக்கம் பெண்கடல், வலது பக்கம் ஆண்கடல் என்று காட்டுவார்கள். ஆனி, ஆடியில் தெற்கே ஆண்கடல் குமுறிக்கொண்டிருக்கும், வடக்கே குளம் போல இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பினால் வடக்குக் கடலும் எழும்பிவிடும். தொண்டியில் மீன்பிடிக்கிறவர்கள் காற்றைப் பார்க்காமல் வள்ளத்தில் கால் வைப்பார்களா? இவ்வளவு தெரிந்த நான் மால்டாவுக்குப் போய்ப் படத்தைப் பார்த்துக் கரையைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

மால்டா தீவின் நீளமே 27 கிலோமீட்டர்தான். வடமேற்குக் காற்றுக்கு மய்யிஸ்த்ரால், வடகிழக்குக் காற்றுக்கு கிரிகால் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மய்யிஸ்த்ரால் அடித்தால் ஐன் துஃபீஹா, அதன் பக்கத்திலேயே இருக்கும் கோல்டன் பே இரண்டும் கொந்தளிக்கும். அன்றைக்கு வடகிழக்கே திறந்திருக்கும் மெல்லீஹா வளைகுடாவுக்குப் போக வேண்டும். கிரிகால் அடித்தால் அப்படியே மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் நடுவே பத்து கிலோமீட்டர்கூட இல்லை.

மறுநாள் மெல்லீஹா போனோம். அங்கே உள்ள மணற்கரையை ஆதிரா என்கிறார்கள், நம் வீட்டுப் பெண்ணுக்கு வைக்கிற பெயர் போல. பேருந்து மணலை ஒட்டியே நிற்கிறது. படி இல்லை. என் கணவர் தானாக நடந்து போய், செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றார். வெகுதூரம் உள்ளே போனாலும் இடுப்பளவுதான் ஆழம். நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். குளிர் அங்கேயும் குளிர்தான், ஆனால் அலை இல்லாததால் பேரன் பயப்படவில்லை.

கரையில் ஒரு மூலையில் பழுப்பு நாடாக்களாக ஏதோ குவிந்து கிடந்தது. குப்பை என்று நினைத்தேன். கடற்புல்லாம். அதன் நார் அலையில் உருண்டு உருண்டு பந்தாகி ஒதுங்குகிறது, நம் தேங்காய் நாரைக் கையில் உருட்டியது போல. பேரன் பதினொரு பந்து பொறுக்கினான். ஒன்று இப்போதும் எங்கள் வீட்டு முகப்பில் இருக்கிறது. அந்தப் புல் உள்ளே இருந்தால்தான் தண்ணீர் தெளிவாக இருக்கும், கரை மணலும் அரிக்காது. தொண்டிக் கடலிலும் இதற்குச் சொந்தக்காரப் புல் உண்டு, கடல் பசு மேய்வது அதைத்தான். இந்தக் குவியல் தெரியும் கரையை நீங்கள் படத்தில் போடவே மாட்டீர்கள். நாங்கள் நிம்மதியாக இருந்தது அங்கேதான்.

இன்னொன்று. மால்டாவின் கரை பெரும்பகுதி பாறை. சுண்ணாம்புக்கல் பாறையிலிருந்து ஏணி பிடித்து ஆழத்தில் இறங்க வேண்டும். நீச்சல் தெரிந்த வாலிபர்களுக்கு அது சொர்க்கம். உங்கள் பக்கத்தில் வந்த செயின்ட் பீட்டர்ஸ் பூல் அப்படிப்பட்ட இடம்தான்; நிழலும் கிடையாது. குழந்தையோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை எச்சரிக்கை போட்டிருக்கலாம். கோடையில் உயிர்காப்புக் காவலர் நிற்கும் கரைகளில் ஏற்றும் கொடியைப் பற்றியும் எழுதுங்கள். சிவப்பு ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். ஊதாக் கொடி என்றால் தண்ணீரில் ஜெல்லி மீன், நம் மீனவர்கள் சொறி என்கிறார்களே அது, இருக்கிறது என்று பொருள்.

ஆகவே ஐயா, அடுத்த முறை படத்துக்குக் கீழே இரண்டு வரி கூடுதலாகக் கொடுங்கள். கரை எந்தத் திசை பார்த்தது, மணலா பாறையா, எத்தனை படி, எந்த மாதத்தில் தண்ணீர் இதமாக இருக்கும். இவ்வளவு போதும். இந்த வருடம் செப்டம்பரில் மறுபடியும் போகிறோம். கூட வரும் சம்பந்தி வீட்டு ஆச்சிக்கு எழுபது வயது. அதற்குள் உங்கள் பக்கம் வந்தால் கத்தரித்துப் பையில் வைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேவகோட்டை.