குளம் பற்றி, தம்பிக்கு

தம்பி,

நேற்று ஆயுத பூஜை. வீட்டுக் கோப்புகளைச் சேமித்துவைக்கும் கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். உள்ளே ஓடுவது நீ டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டிய குளம் இல்லை. போனில் சொன்னால் பாதியில் மறிப்பாய், அதனால் எழுதுகிறேன்.

2019 உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ. தரையில் சம்மணம் போட்டு, முதல் சம்பளத்தில் வாங்கிய டிஸ்க்கைக் கைக்குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டிருந்தாய். "மேனுவல்ல எல்லாம் டேங்க்னுதான் பேர் வைப்பான், நாம குளம்னு வைப்போம்" என்றாய். இரண்டாவது 4 டெராபைட்டைச் செருகி ஒரு வரி தட்டினாய். "முடிஞ்சுதுக்கா. இனி ஒண்ணு போனாலும் இன்னொண்ணுல அப்படியே இருக்கும்." திரையில் அளவு 7.25 என்று வந்தது. "ரெண்டுலயும் ஒரே நகல்னா 3.6தானே காட்டணும்?" என்று கேட்டேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அக்கா, நீ போய்ப் பொரி எடுத்துட்டு வா." கூடமே சிரித்தது. உன் அத்தானும்தான். நான் போய்ப் பொரி எடுத்துவந்தேன்.

'அட்டாச்' என்று அடித்திருந்தால் அது மிரர், இரண்டிலும் ஒரே நகல். நீ அடித்தது 'ஆட்'. ஒற்றை டிஸ்க் உள்ள பூலில், அதாவது நம் குளத்தில், இன்னொரு ஒற்றை டிஸ்க்கை ஆட் செய்தால், டிஸ்க்குகளை நிர்வகிக்கும் இசட்எஃப்எஸ் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் ஏற்றுக்கொள்ளும். தரவை இரண்டிலும் பிரித்துப் பரப்பும். ஒன்று செத்தால் மொத்தமும் போச்சு. அந்த 'இன்னொண்ணுல இருக்கும்' பேச்சை நம்பித்தான் என் போனிலும் அம்மா போனிலும் இருந்ததை ஒவ்வொன்றாய் அழித்தேன்.

ஆடியில் இரண்டாவது டிஸ்க் செக்சம் பிழை, அதாவது எழுதியதும் படித்ததும் ஒத்துப்போகாத பிழை, காட்ட ஆரம்பித்தது. பூலின் நிலையைக் காட்டும் ஸ்டேட்டஸில் மிரர் என்ற வரியே இல்லை. மீட்க முடியாதவை என்று 11 கோப்புகள். கோப்பின் பெயர் போன்ற குறிப்புகளான மெட்டாடேட்டாவுக்கு மட்டும் இசட்எஃப்எஸ் தானாகவே கூடுதல் நகல் வைத்துக்கொள்ளும், அதனால் பெயர்களெல்லாம் பத்திரமாக இருக்கின்றன. உள்ளே இருந்ததுதான் இல்லை. எந்தப் பதினொன்று என்று இங்கே எழுதமாட்டேன், சித்தப்பா வீட்டிலும் இதைப் படிப்பார்கள். அம்மாவிடம் "பழைய போட்டோ கொஞ்சம்" என்று சொல்லிவைத்திருக்கிறேன். கேட்டால் நீயும் அதையே சொல்.

உன்னைக் கேட்காமல் கலைத்தது தப்புதான், மன்னித்துக்கொள். ரிமூவ் போட்டு அந்த ஒரு டிஸ்க்கை மட்டும் கழற்றியிருக்கலாமே என்பாய். 4.6 டெராபைட் நிரம்பியிருந்தது, மிச்சமிருக்கும் ஒரு டிஸ்க்கில் எப்படி அடங்கும்? 8 டெராபைட் இரண்டு வாங்கி, யூஎஸ்பி டாக்கில் வைத்து, முதல் வரியிலேயே மிரர் என்று கட்டினேன். பழையதை மொத்தமாய்ப் புதியதற்கு அனுப்பும் ஸெண்ட் போட்டால் கெட்ட பிளாக்கைத் தொட்டதும் நின்றுவிட்டது. அந்தப் பதினொன்றை, அவற்றைப் பிடித்துவைத்த பழைய நிலைப் பதிவான ஸ்னாப்ஷாட்டோடு அழித்தால் ஸெண்ட் போகும். கை வரவில்லை. கோப்பு கோப்பாய் நகலெடுக்கும் ஆர்சிங்க் போட்டேன். படிக்க முடியாததைப் பிழை என்று சொல்லிவிட்டு அது அடுத்ததற்குப் போய்விடும். ராத்திரி முழுக்கவும் மறுநாள் பாதிப் பகலும் ஓடியது.

உன்னை மட்டும் சொல்லி என்ன, 7.25ஐப் பார்த்தவள் நான். குளத்தோடு கோபித்துக்கொண்டு கால் கழுவாமல் போன கதைதான். ஆறு வருடத்தில் ஒரு முறை 'இசட்பூல் ஸ்டேட்டஸ்' அடித்திருந்தால் தெரிந்திருக்கும். மறுபடி பொரி எடுத்துவரச் சொல்வாயோ என்று விட்டுவிட்டேன். அதுகூட முழு உண்மை இல்லை. நீ செய்தது தப்பு என்று ஒருநாள் எல்லோர் முன்னாலும் தெரியட்டும் என்று மனதின் ஒரு மூலையில் காத்திருந்தேன். தெரிந்தபோது வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

பழைய பூலை டிஸ்ட்ராய் செய்யவில்லை. அந்தக் கட்டளை நிச்சயமா என்று ஒரு வார்த்தை கேட்காது. எக்ஸ்போர்ட் போட்டு முறையாக விடுவித்து, இரண்டு டிஸ்க்கையும் துணியில் சுற்றி அம்மா பீரோவின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியது கெட்டது. தையில் வரும்போது யாரிடமாவது மீட்கக் கொடுப்பதானால் இரண்டையும் சேர்த்தே கொடு, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

புதுசுக்கும் குளம் என்றே பேர் வைத்திருக்கிறேன். உன் பாஸ்வேர்டு பழையதேதான்.

அக்கா