ஹைடனுக்கு எட்டாவது இடமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மேற்கத்திய செவ்வியல் இசையின் மேதைகள் பத்துப் பேரை வரிசைப்படுத்தி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பீத்தோவன் முதலிடம், பாக் இரண்டாமிடம், மொசார்ட் மூன்றாமிடம். அதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த மூவரை எப்படி மாற்றிப் போட்டாலும் யாராவது ஒருவர் கோபித்துக்கொண்டு உங்களுக்குக் கடிதம் எழுதத்தான் போகிறார். என் வழக்கு ஜோசப் ஹைடனைப் பற்றியது. அவருக்கு எட்டாவது இடம் கொடுத்திருக்கிறீர்கள். வாக்னருக்கும் சைக்கோவ்ஸ்கிக்கும் கீழே!

நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வயலினைவிடச் சற்றுப் பெரிய, குரல் தாழ்ந்த வயோலா வாசிப்பேன். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்று நான்கு பேர் சேர்ந்து வாசிக்கும் குவார்டெட்டில் நடுக்குரல் என்னுடையது. இந்த இரண்டு தகுதியிலும் உங்கள் அட்டவணையைப் பற்றிச் சொல்ல விஷயம் இருக்கிறது.

முதலில் டீச்சராக. படைப்புகளின் எண்ணிக்கை, புதுமை, செல்வாக்கு, புகழ் என்று நான்கு கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி மொத்தம். கிலோவையும் மீட்டரையும் கூட்டி விடை எழுதினால் என் வகுப்பில் முட்டைதான் போட்டிருப்பேன்.

எண்ணிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் அளவுகோல் என்றால் பாக் காலத்து ஜெர்மன் இசையமைப்பாளர் டெலிமான் பட்டியலின் உச்சியில் இருக்க வேண்டும். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை எழுதியவர். உங்கள் பத்தில் அவர் பெயரே காணோம். அவர் காலத்து லைப்சிக் நகர சபையைக் கேட்டிருந்தால் அவரைத்தான் முதலில் சொல்லியிருக்கும். தாமஸ் தேவாலயத்தின் இசைப் பொறுப்பு 1722-ல் காலியானபோது சபை தேடிப் போனது டெலிமானைத்தான். ஹாம்பர்க்கில் அவருக்குச் சம்பளம் கூட்டிக் கொடுத்து நிறுத்திக்கொண்டார்கள். அடுத்து கிராப்னர் என்ற இசையமைப்பாளரைக் கேட்டார்கள். அவருடைய பிரபு விடவில்லை. அதற்கு அப்புறம்தான் 1723-ல் பாக் வந்தார். இன்று நாம் தலைமேல் வைத்துக் கொண்டாடும் பாக் அன்றைய தரவரிசையில் மூன்றாவது ஆள்.

ஹைடனின் எண்ணிக்கைக்குப் பின்னால் இருப்பது அவருடைய வேலை. 1761-லிருந்து எஸ்டர்ஹாசி பிரபுக்களிடம் முப்பது ஆண்டுகளுக்குக் கொஞ்சம் குறைவாக முழுநேர ஊழியம். நிக்கோலஸ் பிரபுவுக்கு பேரிடான் என்ற நரம்பு வாத்தியத்தின் மீது ஆசை. அவர் வாசிப்பதற்காகவே ஹைடன் மூன்று பேர் சேர்ந்து வாசிக்கும் ட்ரியோக்களை 120-க்கும் மேல் எழுதித் தள்ளினார். இன்று அந்த வாத்தியத்தை வாசிப்பவர்களே அபூர்வம். பீத்தோவனுக்கு அந்த நெருக்கடி இல்லை. அவர் வியன்னாவை விட்டுப் போகக் கூடாது என்ற ஒரே நிபந்தனையில் 1809-ல் மூன்று பிரபுக்கள் சேர்ந்து ஆண்டுக்கு 4,000 ஃப்ளோரின் தருவதாக எழுதிக் கொடுத்தார்கள். ஒருவர் 104 சிம்பொனி, இன்னொருவர் 9 சிம்பொனி என்று போடும்போது நீங்கள் ஒப்பிடுவது இரண்டு வேலைகளின் நிபந்தனைகளை.

ஒப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வரும். 'எல்லாரும் மேதைகள்தானே' என்பது காதைத் தீட்டிக்கொள்ளாமல் தப்பிக்க ஒரு வழி. ஹைடனே ஒப்பிட்டவர்தான். 1785-ல் மொசார்ட்டின் அப்பா லியோபோல்டிடம், எனக்கு நேரிலோ பெயரைக் கேட்டோ தெரிந்த இசையமைப்பாளர்களில் உங்கள் மகன்தான் மிகப் பெரியவர் என்று கடவுள் சாட்சியாகச் சொன்னார். காரணமாக அவர் சொன்னவை இரண்டே: ரசனை, அதற்கும் மேலாக இசையமைப்பில் ஆழ்ந்த அறிவு. எண்ணிக்கையும் இல்லை, புகழும் இல்லை.

ஒப்பிடுவது என்றால் ஒரே மாதிரி வேலையை மூன்று பேரிடம் கொடுத்து யார் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்ப்பதற்கென்றே அமைந்த மாதிரி மூன்று குவார்டெட்கள் இருக்கின்றன. மூன்றுமே சி மேஜர் என்ற சுருதியமைப்பில். (ஓபஸ், கே என்பவை படைப்புகளின் வரிசை எண்கள்.) ஹைடனின் ஓபஸ் 20 எண் 2, 1772-ல் எழுதியது. மொசார்ட்டின் கே 465, 1785. பீத்தோவனின் ஓபஸ் 59 எண் 3, 1806. நாங்கள் இவற்றை ஒரே மாலையில் அடுத்தடுத்து வாசித்துப் பார்ப்பதுண்டு. பீத்தோவன் முடியும்போது கை விட்டுப்போகும் என்பதால் அதைக் கடைசியில்தான் வைக்க வேண்டும்.

ஹைடன் எப்படித் தொடங்குகிறார் தெரியுமா? மெட்டு செல்லோவிடம். அடித்தளம் என்னிடம், வயோலாவிடம். முதல் வயலின் சில வரிகளுக்கு வாயே திறப்பதில்லை. அந்தக் காலத்தில் முதல் வயலின் பாட, மற்ற மூவரும் முட்டுக்கொடுப்பதுதான் பெரும்பாலும் வழக்கம். செல்லோவின் அடிக்குரலையே வயோலா சற்று மேலே திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். அந்த ஏற்பாட்டை ஹைடன் ஒரு பக்கத்திலேயே கலைத்துப் போடுகிறார். கடைசிப் பகுதி ஒரு ஃபியூக், அதாவது குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மெட்டை எடுத்துத் துரத்தும் வடிவம். நான்கு பேருக்கும் சமமான வேலை, மெல்லிய குரலில் தொடங்கி. 'புதுமை' கட்டத்தில் அவருக்கு ஆறு மதிப்பெண் போட்டிருக்கிறீர்கள். இதைவிடப் புதிதாக என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

மொசார்ட்டின் தொடக்கம் வேறு உலகம். செல்லோ ஒரே ஸ்வரத்தை மெதுவாகத் திரும்பத் திரும்ப வாசிக்க, அதன் மேல் வயோலா ஏ ஃப்ளாட்டில் (ஏ ஸ்வரத்துக்கு அரை ஸ்வரம் கீழே) நுழைகிறது. அப்புறம் இரண்டாம் வயலின். கடைசியாக வரும் முதல் வயலின் அதே ஏ-யை அரை ஸ்வரம் உயர்த்திக்கொண்டு மேலே வந்து உட்காரும். தப்பாக வாசித்துவிட்டோமா என்று ஒரு கணம் நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். தப்பில்லை, அப்படித்தான் எழுதியிருக்கிறார். அந்தக் கலக்கத்திலிருந்து வெளிச்சமான சி மேஜருக்கு வருகிறபோது, எத்தனையாவது முறை வாசித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். மூன்றில் எது உயர்ந்தது என்று கழுத்தில் கத்தி வைத்துக் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் இந்தக் குவார்டெட் அடங்கிய ஆறையும் மொசார்ட் யாருக்குக் காணிக்கையாக்கினார்? ஹைடனுக்கு. இவை நீண்ட, கடினமான உழைப்பின் பலன் என்று அந்தக் காணிக்கைக் கடிதத்திலேயே எழுதியிருக்கிறார். எதையும் அநாயாசமாக எழுதியவர் என்று பெயர் வாங்கிய மொசார்ட்!

பீத்தோவன் தன் குவார்டெட்டை மொசார்ட்டைப் போலவே இருட்டான ஒரு முன்னுரையோடு தொடங்கி, கடைசிப் பகுதியில் வயோலாவைத் தனியாக ஓட விடுகிறார். பயங்கர வேகம். துணைக்கு யாரும் இல்லை. தடுமாறினால் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். அப்புறம் மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டு துரத்துவார்கள். வேகத்திலும் பலத்திலும் இதற்கு ஈடு கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் முதல் வயலின்காரர் பீத்தோவன் கட்சி. இதை வாசித்து முடித்ததும் வழக்கில் ஜெயித்த வக்கீல் மாதிரி வில்லைக் கீழே வைப்பார். நானும் விடுவதில்லை. நான்கு பேரும் சமம் என்ற ஏற்பாட்டைச் செய்து கொடுத்தது யார் என்று கேட்பேன். ஹைடனின் அதே ஓபஸ் 20 தொகுப்பின் முதல் குவார்டெட்டை இளம் பீத்தோவன் தன் கையால் பிரதியெடுத்துப் படித்தார். பல பத்தாண்டுகள் கழித்து அந்தத் தொகுப்பின் கையெழுத்துப் பிரதியைச் சொந்தமாக வைத்திருந்தவர் இசையமைப்பாளர் பிராம்ஸ். 'செல்வாக்கு' என்ற கட்டத்தில் இதெல்லாம் வராதா?

நடுவில் உட்கார்ந்து கேட்டால் மேலேயும் கீழேயும் நடப்பது தெளிவாகத் தெரியும். அதனால்தானோ என்னவோ, இவர்களில் பலருக்கு வயோலா பிடித்திருந்தது. பாக் கூட்டாக வாசிக்கும்போது வயோலாவைத்தான் விரும்பி எடுப்பார் என்று அவர் மகன் எழுதியிருக்கிறார். பீத்தோவன் பான் நகரத்தில் அரசவை இசைக்குழுவில் வயோலா வாசித்துச் சம்பாதித்தவர். ஷூபர்ட் வீட்டு குவார்டெட்டில் வயோலா. 1780-களில் வியன்னாவில் ஒரு வீட்டில் ஹைடனும் டிட்டர்ஸ்டார்ஃபும் வயலின், மொசார்ட் வயோலா, வன்ஹால் செல்லோ என்று நான்கு இசையமைப்பாளர்களும் சேர்ந்து வாசித்ததை மைக்கேல் கெல்லி என்ற பாடகர் நேரில் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். வாசிப்பு சுமார்தான், அவரவர் வாத்தியத்தில் யாரும் பெரிய கெட்டிக்காரர் இல்லை என்றும் எழுதியிருக்கிறார். எங்கள் குழுவுக்கு ரொம்ப ஆறுதலான வரி அது. (பாக் விஷயத்தில் நான் நடுநிலை வகிக்க முடியாது. பிராண்டன்பர்க் ஆறாவது கான்செர்ட்டோவில் வயலினே சேர்க்காமல் இரண்டு வயோலாக்களை முன்னால் நிறுத்தியவர் அவர்.)

சரி, ஹைடன் ஏன் எட்டாவது? அவருக்குக் கதை இல்லை, அதுதான் என் சந்தேகம். உங்கள் கட்டுரையில் பீத்தோவனின் செவிட்டுத்தன்மைக்கு இரண்டு பத்தி, மொசார்ட் 35 வயதில் இறந்ததற்கு ஒரு பத்தி. ஹைடன் 77 வயது வரை இருந்தார், ஒழுங்காக வேலை பார்த்தார், லண்டனுக்குப் போய் நன்றாகச் சம்பாதித்துத் திரும்பினார். இதில் எதை வைத்துக் கண்ணீர் வரவழைப்பது? கதை வேண்டுமென்றால் அவர் இறந்த பிறகுதான் இருக்கிறது. மண்டை ஓட்டின் வடிவத்தில் மேதைமையைத் தேடிய சிலர் 1809-ல் கல்லறையிலிருந்து அவர் தலையைத் திருடிவிட்டார்கள். அது உடலோடு மீண்டும் சேர்ந்தது 1954-ல். அதையாவது போட்டிருக்கலாம்.

துயரம் கேட்கிறவர்களுக்கு நகைச்சுவை கேட்பதில்லை. ஓபஸ் 33 எண் 2-ன் முடிவில் ஹைடன் மெட்டைத் துண்டுதுண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் இடையில் நிறுத்துகிறார். பிறகு ஒரு நீண்ட மௌனம். முடிந்துவிட்டது என்று கேட்பவர்கள் கைதட்ட ஆரம்பிக்கும்போது முதல் வரி மெதுவாக மறுபடி தலைகாட்டும். அதோடு சரி, இசை அங்கேயே நின்றுவிடும். இந்தக் குறும்பு பீத்தோவனுக்கு வராது. அவர் ஜோக் சொன்னால் மேஜையில் குத்திச் சொல்வார்.

'புகழ்' கட்டத்தில் மூன்று மதிப்பெண் என்பதையும் விட்டுவிட மனமில்லை. ஜெர்மனி விளையாடும் ஒவ்வொரு கால்பந்துப் போட்டியிலும் ஆட்டத்துக்கு முன்னால் ஒலிக்கும் தேசிய கீதத்தின் மெட்டு ஹைடனுடையது. 1797-ல் வியன்னாவில் பேரரசர் இரண்டாம் ஃபிரான்ஸுக்காக எழுதி, அப்புறம் தன் ஓபஸ் 76 எண் 3 குவார்டெட்டிலும் அதைச் சேர்த்துக்கொண்டார். அதில் மெட்டை ஒவ்வொரு வாத்தியமாகக் கைமாற்றி, மூன்றாவது மாறுபாட்டில் வயோலாவுக்கும் தருகிறார். மைதானம் நிறைய ஆட்கள் எழுந்து நின்று கேட்கிறார்கள். யாருடைய மெட்டு என்று அவர்களுக்குத் தெரியாவிட்டால் அது ஹைடனின் குற்றமா?

வரிசைக்கு இரண்டாம் பாகம் வரும் என்று போட்டிருக்கிறீர்கள். வரட்டும். மொத்தத்தை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வாசகர் கேட்டுப் பார்க்க ஒரு படைப்பை மட்டும் குறிப்பிடுங்கள். சண்டையை நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.

இன்னொன்று. கட்டுரையில் ஹைடனை மொசார்ட்டின் ஆசிரியர் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அவர் மொசார்ட்டுக்கு நண்பர், பாடம் எடுத்ததில்லை. 1792-ல் வியன்னாவுக்கு வந்து ஹைடனிடம் பாடம் படித்தவர் உங்கள் முதலிடக்காரர் பீத்தோவன். அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வயோலா வாசிக்கும் ஒரு வாசகி