கொல்லைக்குப் போன அடுப்பு

சமையல் எரிவாயுத் திட்டங்களை வகுக்கும் ஒன்றிய அரசு அதிகாரிகளுக்கு,

வணக்கம். விருதுநகர் மாவட்டம் திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். ஏழை வீட்டுப் பெண்களுக்கு எரிவாயு இணைப்பு தர 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் 10 கோடிக்கும் மேல் இணைப்புகள் கொடுத்திருக்கிறீர்கள். கணக்கில் பிழை இல்லை. எங்கள் ஊரிலும் சிலிண்டர் இல்லாத வீடு அரிது. விறகுதான் இன்னும் போகவில்லை.

கூரை வீடுகள் காரை வீடுகளாகிவிட்டன. வாசலில் பைக் நிற்கிறது. விறகடுப்போ அடுக்களையிலிருந்து கொல்லைக்குக் குடிபோயிருக்கிறது, அவ்வளவுதான். விருந்தாளிக்குக் காபி போட கேஸ். சோறு வடிக்க, வெந்நீர் காய, நெல் அவிக்கச் சீமைக்கருவேல விறகு. கண்மாய்க்குள் அது காடாக மண்டிக் கிடக்கிறது. அரிவாள் போதும், காசு வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டின் ஊரகக் குடும்பங்களில் சுமார் 43 சதவீதமே தூய எரிபொருளில் சமைக்கின்றன. அந்த 43-க்குள்ளும் எத்தனை கொல்லை அடுப்புகள் புகைகின்றனவோ!

வருமானம் கூடினால் விறகு தானாக ஒழியும் என்பவர்கள், யாருடைய வருமானம் என்று கேட்பதில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மகன் வளைகுடாவிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்புகிறான். தாய் இன்னமும் சும்மாடு வைத்து விறகு சுமக்கிறார். அவர் முள்காட்டில் கழிக்கும் அரைநாளுக்கு அந்த வீட்டில் விலையில்லை. இரண்டு வீடு தள்ளி, மருமகள் காலை ஆறரைக்கே மில் வேனில் ஏறிவிடுகிறார். வளைகுடாப் பணத்தில் பாதிகூடத் தேறாது அந்தச் சம்பளம். ஆனாலும் அங்கேதான் சிலிண்டர் தவறாமல் மாறுகிறது, விறகுக்குப் போக ஆளில்லாததால்.

பெண்களுக்கு உள்ளூரில் வேலை தருவது உங்கள் துறையின் பொறுப்பல்ல; அறிவேன். உங்களால் முடிந்ததையே கேட்கிறேன். சிலிண்டருக்கு முழுத் தொகையையும் முதலில் கொடுத்தாக வேண்டும். உஜ்வலா மானியம் பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அன்றாடக் கூலிக்காரர் கையில் அந்த முழுத் தொகை ஒருசேர எப்போது இருக்கிறது? மானியத்தைக் கழித்த விலையையே வீட்டு வாசலில் வாங்குங்கள். 14.2 கிலோ சிலிண்டருக்குப் பதிலாக 5 கிலோ சிலிண்டரும் பெறலாம் என்ற விவரம் எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதை ஊர் ஊராகச் சொல்ல ஆள் அனுப்புங்கள்.

இன்னொன்று. எத்தனை இணைப்பு என்பதை விட்டுவிட்டு, எந்த ஊரில் ஆண்டுக்கு எத்தனை சிலிண்டர் மாறியது என்று ஊர்வாரியாக வெளியிடுங்கள். எங்கள் ஊர்க் கணக்கைக் கிராம சபையில் நாங்களே படித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
திருச்சுழி வட்டாரவாசி ஒருவர்