‘கால்நடை மருத்துவத்துக்கு நீட் வேண்டாம்’ என்பது பாதி உண்மை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கால்நடை மருத்துவப் படிப்புக்கான முதல் கலந்தாய்வில் இடம் கிடைக்காத பிள்ளைகள், எல்லாம் முடிந்துவிட்டதென்று கிடைத்த படிப்பில் சேர்ந்துவிடுகிறார்கள். அந்த அவசரம் வேண்டாம்.

மாநில ஒதுக்கீட்டுக்கு +2 மதிப்பெண்தான் கணக்கு: உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அரை மதிப்பெண் குறைந்தாலே தரவரிசை வெகுவாகச் சரியும். ஆனால் முன்வரிசையில் இடம் பெற்றவர்களில் சிலர் எம்.பி.பி.எஸ். கிடைத்ததும் விலகுகிறார்கள்; அந்த இடங்கள் அடுத்த சுற்றுக்கு வருகின்றன. அழைப்புக்கும் கலந்தாய்வுக்கும் இடையே நாள் அதிகம் இருக்காது. அதற்குள் வேறு கல்லூரியில் டி.சி.யையும் அசல் மதிப்பெண் பட்டியலையும் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்க அலைபவர்கள் உண்டு. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லியிருக்கிறது. சரிபார்த்த உடனே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த சுற்றிலும் கிடைக்காவிட்டால்? ஓராண்டு காத்திருந்தாலும் +2 மதிப்பெண் கூடப்போவதில்லை. கூடக்கூடியது நீட் மதிப்பெண் ஒன்றுதான். கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் 15 சதவீத இடங்களை இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமம் நீட் தரவரிசைப்படி நிரப்புகிறது. இதைப் பள்ளியில் யாரும் சொல்வதில்லை. ‘கால்நடைக்கு நீட் தேவையில்லையே’ என்று விண்ணப்பிக்காமல் விட்ட மாணவருக்கு, தரவரிசை வெளியாகும்போது அந்த ஆண்டின் நீட் தேர்வே முடிந்திருக்கும்.

நீட் எழுதியவர்களும் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். நீட் மதிப்பெண் தானாகக் குழுமத்துக்குப் போய்விடாது. அதன் கலந்தாய்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அடுத்தது சாதிச் சான்றிதழ். பி.சி., எம்.பி.சி. என்று தாசில்தார் தரும் மாநிலச் சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் (பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்த பிரிவு) இல்லை என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். முன்கூட்டியே வாங்கி வைக்காதவர் பொதுப் பிரிவில் போட்டியிட நேரிடும்.

நீட்டுக்குத் தயாராவதிலும் ஒரு குறை இருக்கிறது. +2 மதிப்பெண்ணில் 11-ஆம் வகுப்புக்கு இடமில்லை, நீட்டில் உண்டு. அதனால்தான் பொதுத்தேர்வில் 190-க்கு மேல் கட்-ஆஃப் எடுத்தவர்கள்கூட அங்கே திணறுகிறார்கள். 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு என்பதால், காத்திருக்கும் ஓராண்டை 11-ஆம் வகுப்பு உயிரியலில் தொடங்குவது நல்லது.

வெளிமாநிலத் தனியார் கல்லூரிக்குப் பணம் கட்டும் முன், அந்தப் பட்டம் 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமச் சட்டத்தின் முதல் அட்டவணையில் (அங்கீகரிக்கப்பட்ட பட்டங்களின் பட்டியல்) இருக்கிறதா என்று பெற்றோர் பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஐந்தரை ஆண்டு படித்த பிறகும் மருத்துவராகப் பதிவு செய்ய முடியாது.

நீட் விண்ணப்பம் திறக்கும் நாட்களிலேயே உயிரியல் பிரிவு மாணவர்களிடம் இந்த 15 சதவீதத்தைப் பற்றிச் சொல்லுமாறு பள்ளிக்கல்வித் துறை தலைமையாசிரியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர்கள் சிலர்,
நாமக்கல்