அன்னாவின் சமையலறை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் சென்ற வாரமே வந்துவிட்டது. கண்புரை எடுத்த பிறகு பத்து நாள் படிக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், மருமகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். உன் முழங்கால் வலியைப் பற்றி எழுதியிருந்த இடம் வந்ததும் அவளே நிறுத்தி, "சண்முகம் மாமாவை மாடி ஏற வேண்டாம் என்று முதலில் எழுதுங்கள்" என்றாள். எழுதிவிட்டேன். அவள் பேச்சையாவது கேள்.

பார்வை தெளிந்ததும் நான் உட்கார்ந்து தேடியது என் பேத்தியின் கேள்விக்குப் பதில். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். "சோடியத்துக்கு எதற்குத் தாத்தா என்ஏ (Na) என்ற குறியீடு?" என்று கேட்டாள். நேட்ரியம் என்ற லத்தீன் பெயரிலிருந்து வந்தது என்றேன். "சரி, லத்தீனில் வைக்கச் சொன்னது யார்?" என்றாள். 31 ஆண்டுகள் வேதியியல் நடத்தியிருக்கிறேன். அந்த மனிதரைப் பற்றி ஒரு வகுப்பிலாவது ஐந்து நிமிடம் பேசியதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அதிலிருந்து மூன்று வாரமாக அவரோடுதான் இருக்கிறேன். உனக்குச் சொல்லாவிட்டால் வேறு யாருக்குச் சொல்வது?

யோன்ஸ் யாக்கோப் பெர்சீலியஸ். 1779இல் ஸ்வீடனில் வேவெர்சுண்டா என்ற கிராமத்தில் பிறந்தவர். நான்கு வயதில் அப்பா இல்லை, பத்து வயதாவதற்குள் அம்மாவும் இல்லை. மாற்றாந்தந்தை வீடு, பிறகு மாமா வீடு என்று வளர்ந்து உப்சாலாவில் மருத்துவம் படித்தார். 1807இல் ஸ்டாக்ஹோமில் பேராசிரியர். மாணவர்களுக்காகப் பாடநூல் எழுதத் தொடங்கியவர், எது எதோடு என்ன எடையில் சேர்கிறது என்பதைத் தானே அளந்து பார்க்காமல் எழுத மனம் வராமல், அளக்க உட்கார்ந்தார். சுமார் 2000 சேர்மங்கள்! நாம் கல்லூரியில் கரைசலின் அடியில் படியும் ஒரு வீழ்படிவை வடிகட்டி, கழுவி, உலர்த்தி, இரண்டு எடைகள் ஒத்துப்போவதற்குள் மாலை ஆகிவிடுமே, நினைத்துப் பார். அதை ஆண்டுக்கணக்காகச் செய்து, ஆக்ஸிஜனை 100 என்று வைத்து அணு எடைப் பட்டியல்கள் போட்டார்.

அந்தக் கணக்குகளை எழுதத்தான் குறியீடு தேவைப்பட்டது. அணுக்கொள்கை தந்த ஆங்கிலேயர் டால்டன், தனிமங்களைக் குறிக்க வட்டங்களுக்குள் புள்ளியும் கோடும் போட்டுக்கொண்டிருந்த காலம். எந்த அச்சகத்திலும் இருக்கிற எழுத்தே போதும், லத்தீன் பெயரின் முதல் எழுத்து, குழப்பம் வந்தால் இன்னோர் எழுத்து என்று 1813, 14 வாக்கில் பெர்சீலியஸ் முறைப்படுத்தினார். அணுக்களின் எண்ணிக்கையை அவர் எழுத்தின் மேல்பக்கம் போட்டார். அதைக் கீழே இறக்கியது பின்னால் வந்த ஜெர்மன் வேதியியலர் லீபிக். டால்டனுக்கு இந்த முறை கடைசிவரை பிடிக்கவே இல்லை. இதைப் படிப்பதும் ஹீப்ரு மொழி படிப்பதும் ஒன்றுதான் என்று கடிந்திருக்கிறார். இன்று என் பேத்தியின் நோட்டில் இருப்பது பெர்சீலியஸின் எழுத்துதான்.

ஆனால் நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தது அவருடைய சமையலறையைப் பற்றிச் சொல்லத்தான்.

1823இல் பிரெடரிக் வோலர் என்ற 23 வயது ஜெர்மானியர் அவரிடம் வேலை பழக வந்தார். நெஞ்சு படபடக்க மணியை இழுத்தால், கதவைத் திறந்தவர் பெர்சீலியஸே. உள்ளே இருந்தவை சாதாரணமான இரண்டு அறைகள். காஸ் கிடையாது, தண்ணீர்க் குழாய் கிடையாது, புகைபோக்கி அறை கிடையாது. ஒரு மேசை குருவுக்கு, ஒன்று சீடனுக்கு. பக்கத்திலேயே சமையலறை. அங்கே ஆய்வுக் கலங்களை வைத்துச் சூடேற்ற எப்போதும் சூடாக இருக்கும் மணல்தட்டு. அதனருகே அன்னா அன்றாடச் சமையலைச் செய்துகொண்டிருப்பாள். அன்னா சுண்ட்ஸ்ட்ரோம், 1808 முதல் அந்த வீட்டை நடத்தியவள். ஆய்வுக் கலங்களையும் அவள்தான் கழுவுவாள். "கண்டிப்பான அன்னா" என்றே வோலர் எழுதியிருக்கிறார்.

ஒரு நாள் அவள் ஒரு பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, ஆக்ஸிஜன் ஏறிய உப்பு அமில வாடை அடிக்கிறது என்றாள். பெர்சீலியஸ் சொன்னார்: "இதோ பார் அன்னா, இனிமேல் அப்படிச் சொல்லாதே. குளோரின் என்று சொல். அதுதான் சரி." சண்முகம், இந்த ஒரு பேச்சைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். குளோரின் ஒரு தனிமம் என்று ஆங்கிலேய வேதியியலர் டேவி 1810இலேயே சொல்லியாயிற்று. இல்லை, அது ஆக்ஸிஜன் சேர்ந்த பொருள்தான் என்று பத்தாண்டுக்கு மேல் வாதாடியவர் பெர்சீலியஸ். தான் தோற்றதை அவர் கழுவுதொட்டி அருகே, பாத்திரம் தேய்க்கும் பெண்ணிடம், இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார். வாடையை வைத்தே பெயர் சொன்ன அந்தப் பெண்ணையும் மறக்க முடியவில்லை.

வோலர் முதல் பகுப்பாய்வை அவசரமாக முடித்துக் கொண்டுபோய்க் காட்டியபோது கிடைத்த பதில்: "டாக்டர், வேகமாகத்தான் முடித்தீர்கள், ஆனால் மோசம்." உனக்கு நம் இரண்டாம் ஆண்டு செய்முறைத் தேர்வு நினைவிருக்கிறதா? கொடுத்த உப்பு எதுவென்று எல்லோருக்கும் முன்னால் கண்டுபிடித்துவிட்டேன் என்று நான் வெளியே வந்து நின்றேன். விடுதிப் படிக்கட்டில் நீ என் தாளைப் பார்த்துவிட்டு, "துத்தநாகத்தை அலுமினியம் என்று எழுதியிருக்கிறாய்" என்றாய். அன்றிரவு உன்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் நீயே எனக்கும் சேர்த்துக் காபி வாங்கி வைத்திருந்தாய்.

அவர்கள் இருவரும் அதன் பிறகு 25 ஆண்டுகள் கடிதம் எழுதிக்கொண்டார்கள். 1828இல், சிறுநீரில் இருக்கும் யூரியாவைச் சிறுநீரகமே இல்லாமல் செய்துவிட்டேன் என்று வோலர் துள்ளிக் குதித்து எழுதியதும் இவருக்குத்தான். வனேடியம் என்ற தனிமத்தின் விஷயம் இன்னும் அழகு. மெக்சிகோவிலிருந்து வந்த ஓர் ஈயத் தாதுவை வோலர் ஆராய்ந்துகொண்டிருந்தார். உடல்நலம் கெட்டு வேலையைப் பாதியில் நிறுத்தினார். அதற்குள் செஃப்ஸ்ட்ரோம் என்ற ஸ்வீடன் வேதியியலர் ஸ்வீடன் இரும்பிலிருந்து அதே தனிமத்தைக் கண்டறிந்துவிட்டார். வருந்திய நண்பனுக்கு பெர்சீலியஸ் ஒரு கதை எழுதி அனுப்பினார். வடக்கே வனதிஸ் என்ற தேவதை இருந்தாளாம். யாரோ கதவைத் தட்டினார்கள். இன்னொரு முறை தட்டட்டும் என்று அவள் அசையாமல் இருந்தாள். தட்டியவர் போய்விட்டார். ஜன்னலில் எட்டிப் பார்த்தால், அட, போவது வோலர்! சில நாள் கழித்து செஃப்ஸ்ட்ரோம் வந்து விடாமல் தட்டினார், அவள் திறந்தாள். ஆறுதல் சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

செலினியம், சிலிக்கான், தோரியம் என்ற தனிமங்களைக் கண்டறிந்ததெல்லாம் அவர் கணக்கில் வரும். வினையூக்கம், மாற்றியம், புரதம் என்று நாம் வகுப்பில் சொன்ன சொற்களின் ஐரோப்பிய மூலங்களும் அவர் கொடுத்தவைதான். முதுமையில் மட்டும் மனம் இறுகிவிட்டது. அசிட்டிக் அமிலத்தில் ஹைட்ரஜன் இருந்த இடத்தில் குளோரின் போய் உட்கார முடியும் என்று பிரெஞ்சு வேதியியலர் டூமா காட்டினார். நேர்மின், எதிர்மின் ஈர்ப்பால்தான் பொருள்கள் சேர்கின்றன என்பது பெர்சீலியஸின் கொள்கை. நேர்மின் இருந்த இடத்தில் எதிர்மின் எப்படி உட்காரும் என்று பெர்சீலியஸ் கடைசிவரை ஒப்பவில்லை. அன்னாவிடம் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தவர் டூமாவிடம் முடியாமல் போனது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தன் வாழ்நாள் உழைப்பை அந்த மின் கொள்கையின் மேல்தானே அடுக்கியிருந்தார்.

1835இல், 56 வயதில், 24 வயதான பெட்டி பாப்பியஸை மணந்தார். திருமணத்தன்று அரசர் அவருக்கு பாரன் (Baron) என்ற பிரபுப் பட்டம் அளித்தார். அடுத்த ஆண்டு அன்னா அந்த வீட்டைவிட்டுப் போனாள். 28 ஆண்டுகள் அவள் கை பட்ட கலங்கள் அவை. பெர்சீலியஸ் 1848இல் இறந்தார். அன்னா 1871வரை இருந்தாள். அந்த 23 ஆண்டுகளில் யாராவது அவள் வீட்டுக் கதவைத் தட்டி, அந்தச் சமையலறையைப் பற்றிக் கேட்டார்களா என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

பேத்தியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவளுக்குப் பிடித்தது அன்னாதான். "நானும் வாடையை வைத்தே சொல்வேன்" என்று அடுப்படியில் வினிகர் பாட்டிலை மோந்துகொண்டு நிற்கிறாள்.

உன் பழைய ரெக்கார்டு நோட்டு இன்னும் பரணில் இருந்தால், பேரனை எடுத்துத் தரச் சொல். நீ ஏறாதே. அதில் அந்தத் துத்தநாக உப்பின் பக்கத்தை மட்டும் பார்த்து எழுது. எனக்குக் கிடைத்த உப்பே உனக்கும் கிடைத்திருந்தது என்றுதான் நினைவு.

அன்புடன்,
ராமநாதன்