ஹெண்டர்சனின் மூன்று சொற்கள்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்தது. இந்தப் பருவம் செவிலியக் கோட்பாடுகள் பாடம் உன் தலையில் விழுந்திருக்கிறது என்றும், பிள்ளைகள் பெயரையும் ஆண்டையும் உருப்போட்டுத் தேர்வில் கொட்டிவிட்டு வார்டுக்குள் நுழைந்ததும் மறந்துவிடுகிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். 1859, நைட்டிங்கேல், காற்றோட்டம் என்று காலவரிசையில் ஆரம்பித்தால் அப்படித்தான் ஆகும். செவிலியக் கோட்பாட்டாளர் வர்ஜீனியா ஹெண்டர்சனின் வரையறையை முதலில் எடு.

போதிய வலிமையும் மனமும் அறிவும் இருந்திருந்தால் ஒருவர் தாமாகவே செய்துகொண்டிருக்கக்கூடியதை அவர் செய்ய உதவுவதே செவிலியரின் தனிப் பணி என்றார் அவர். அமைதியான மரணத்தையும் அதற்குள் சேர்த்தார். மூச்சில் தொடங்கிக் கற்றலில் முடியும், அவர் பட்டியலிட்ட 14 மனிதத் தேவைகளைத்தான் எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள். வார்டில் கைகொடுப்பதோ அந்த மூன்று சொற்கள். ஒரு தேவை தடைப்பட்டால், எது இல்லாமல் தடைப்பட்டது? வலிமையா, மனமா, அறிவா? மாணவர்களின் கேர் பிளானை, அதாவது நோயாளிக்கான பராமரிப்புத் திட்டத்தை, புரட்டிப் பார், எல்லாவற்றுக்கும் 'நாலெட்ஜ் டெஃபிசிட்' (அறிவுக் குறை) என்று எழுதியிருப்பார்கள். சொல்லிக்கொடுத்தோம் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம் அல்லவா!

வகுப்புக்கு ஓர் உதாரணம். பக்கவாதத்தில் வலக்கை தளர்ந்தவர், வீட்டுக்குப் போனபின் இன்சுலின் பேனாவைத் தாமே பயன்படுத்த வேண்டும். புது ஊசியைத் திருகிப் பொருத்தி, 2 யூனிட் வெளியே தள்ளி மருந்து வருகிறதா என்று பார்த்து, அளவைத் திருப்பி வைத்து, குத்தி, பொத்தானை முழுக்க அழுத்தியபடியே 10 வரை எண்ணிவிட்டு எடுக்க வேண்டும். திருக விரல் பலம், எண்ணைப் படிக்கப் பார்வை, வரிசை பிசகாமலிருக்க நினைவாற்றல் வேண்டும். தேவை ஒரு பக்கம், திறன் ஒரு பக்கம், நடுவிலுள்ள இடைவெளியே செவிலியர் வேலை என்பதுதான் இன்னொரு கோட்பாட்டாளரான டொரோதியா ஓரெம் சொல்வது. முழுதும் நாம் செய்வது, பாதி அவரும் பாதி நாமும், அவரே செய்ய நாம் துணையிருந்து கற்பிப்பது என்று மூன்று நிலைகள் வைத்தார்.

தவறு நடப்பது இந்த நிலைகளுக்கு இடையே. டிஸ்சார்ஜ் வரை நர்ஸே ஊசி போடுவார். கடைசி நாள் பத்து நிமிடம் செய்து காட்டுவார். நடு நிலையே வராது. உடல்நிலை சீரானதுமே அளவைத் திருப்புவதை மட்டும் அவரிடம் விட வேண்டும், பிறகு குத்துவதை. 'புரிந்ததா?' என்று கேட்டால் யாரும் தலையாட்டுவார்கள். செய்து காட்டச் சொன்னால்தான் விரல் திருக மறுப்பது தெரியும். அப்போது தேவைப்படுவது வீட்டில் ஒரு துணைக்கை. இன்னொரு பாடம் நடத்திப் பயனில்லை.

இன்னொரு நோயாளிக்குக் கையும் ஒத்துழைக்கிறது, வரிசையும் தெரியும், ஆனாலும் போடமாட்டேன் என்கிறார். இங்கே எனக்கு ஓரெம்மைவிடக் கலிஸ்டா ராய் பொருத்தமாகப் படுகிறார். உடலியல், தன்னைப் பற்றிய எண்ணம், வகிக்கும் பொறுப்பு, பிறரோடு சார்பு என நான்கு வழிகளில் தகவமைப்பைப் பார்க்கச் சொல்கிறார். குடும்பத்தைத் தாங்கியவர் இப்போது தாங்கப்படுபவராகிவிட்டார். இன்சுலின் என்றாலே கடைசிக் கட்டம் என்ற பழைய நம்பிக்கையும் அடியில் கிடக்கலாம். சர்க்கரை அளவு அட்டையில் இது எதுவும் தெரியாது.

ஒரே கேர் பிளானில் ஓரெம்மையும் ராயையும் கலக்க விடாதே. ஓரெம்முக்கு மனிதர் தீர்மானித்துச் செயல்படுபவர். ராய்க்குத் தூண்டல்களுக்கு ஈடுகொடுக்கும் அமைப்பு. பிரச்சினையை ஒருவர் சொல்லில் எழுதி, பலனை இன்னொருவர் சொல்லில் அளந்தால் இரண்டும் ஒட்டாது. மனிதர், சூழல், உடல்நலம், செவிலியம் என்று இந்தக் கோட்பாடுகளுக்குப் பொதுவான நான்கு அடிப்படைக் கருத்துகளை அரை மணி நேரத்தில் கடந்துவிடு. பிறகு, கோட்பாட்டுக்குக் கோட்பாடு 'மனிதர்' எப்படி மாறுகிறார் என்று கேள். அவை உயிர் பெறும்.

ஐடா ஜீன் ஆர்லாண்டோவை விட்டுவிடாதே. 1961-இல் அவர் எழுதியதன் சாரம் இதுதான்: நோயாளியின் நடத்தையைப் பார்த்து நமக்குத் தோன்றுவதை அவரிடமே கேட்டு உறுதிசெய்த பின் செயல்படு. மாத்திரையைத் தள்ளிவிட்டால் 'மறுத்தார்' என்று கேஸ் ஷீட்டில் ஏறிவிடுகிறது. கேட்டிருந்தால், விழுங்கும்போது புரையேறுகிறது என்றிருப்பார். பக்கவாத நோயாளிக்கு அதன்பின் மாத்திரையைத் திணிப்பது ஆபத்து. முதலில் விழுங்கும் திறனைச் சோதிக்க வேண்டும்.

உன் மாணவர்கள் எழுதிய கேர் பிளான் ஒன்றை, நோயாளியின் விவரங்களை நீக்கிவிட்டு அனுப்பு. மூன்று சொற்களையும் வைத்துத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
சாந்தி